பஸ்கா சமையலும் ஒரு சிட்டிகையும்

சமையல் நன்றாகத் தெரிந்தவர்களிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. கேள்வி கேட்டால் பிடிக்காது. "இதுல என்ன போட்ட? இவ்வளவு வாசமா இருக்கே" என்று யாராவது ஆசையாகக் கேட்டால், "எல்லாம் வழக்கமா போடுததுதான்" என்று சொல்லிவிட்டுக் கரண்டி கழுவப் போய்விடுவார்கள். எனக்கு அந்தக் குணம் உச்சந்தலை வரைக்கும் ஏறி இருந்தது. ஒரு பங்குனி மாதத்துச் சாயங்காலம் குற்றாலத்தில் அது இறங்கியது. இறங்கிய விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. நடுவில் கொஞ்சம் கத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தென்காசிக்காரி. பெயர் பியூலா. பால்காய்ப்பு, வளைகாப்பு, நிச்சயதார்த்தம் என்று வீட்டு விசேஷங்களுக்குச் சைவச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பது என் தொழில். (பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சட்டி வேறு. ஆனால் சைவத்தில் பியூலாவை அடிக்க ஜில்லாவில் ஆள் கிடையாது என்று ஊருக்குள் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான்.)

ஏழு வருஷத்துக்கு முன்னால், குற்றாலத்தில் காட்டேஜ் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் போன் செய்தார். பங்குனியில் குற்றாலத்தில் அருவி இருக்காது, வெறும் பாறைதான் இருக்கும். காட்டேஜ் எல்லாம் பூட்டிக் கிடக்கும். குரங்குகள் மட்டும் சீசனை எதிர்பார்த்து மதிலில் உட்கார்ந்திருக்கும்.

"பியூலா, ஒரு பார்ட்டி வருது. இஸ்ரேல்லருந்து. பஸ்கா பண்டிகைக்கு ஒரு நேரம் சாப்பாடு, சைவமா வேணுமாம். என்னமோ ரூல்ஸ் எல்லாம் இருக்காம். செய்வியா?"

"அண்ணாச்சி, சண்டே ஸ்கூல்ல பஸ்கா பாடத்துக்கு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கினவ நான். என்கிட்டயா ரூல்ஸ் சொல்லுதிய?" என்றேன்.

எனக்குத் தெரிந்த பாடம் இதுதான். எகிப்தில் அடிமையாகக் கிடந்த யூதர்களுக்கு விடுதலை கிடைத்தது. அவசரமாகக் கிளம்பினார்கள். மாவு புளித்துப் பொங்கும்வரை காத்திருக்க நேரமில்லை, அப்படியே தட்டிச் சுட்டு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அந்த நினைவாகப் பஸ்கா வாரம் முழுக்கப் புளித்த மாவுப் பண்டம் எதையும் தொடமாட்டார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும் என்று நினைத்தேன் பாருங்கள், அந்தப் பழைய பியூலா இப்போது கையில் கிடைத்தால் கன்னத்தில் ரெண்டு விடுவேன்.

வந்தது 'பார்ட்டி' எல்லாம் இல்லை. ஒரே ஒரு பெண்மணி. பெயர் எஸ்தர். அறுபதை நெருங்கிய வயது, கிராப்பு வெட்டிய நரைமுடி, காலில் கான்வாஸ் ஷூ. நான் இங்கிலீஷை ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அவர் வாயைத் திறந்ததும் செங்கோட்டைத் தமிழ் வந்து விழுந்தது, பாதிக்குப் பாதி மலையாளத்தோடு. கொச்சி யூதக் குடும்பமாம். அப்பா செங்கோட்டையில் மரக்கடை வைத்திருந்தாராம். பதினாலு வயது வரை அங்கேதான் வளர்ந்தாராம். பிறகு இஸ்ரேல். "வாங்க ஆச்சி" என்றேன். முறைத்தார். அந்த நிமிஷத்திலிருந்து எஸ்தர் அக்கா ஆகிவிட்டார்.

அரிசி பொறுக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. பச்சரிசியை வெள்ளைத் துணியில் பரப்பி, ஒவ்வொரு மணியாக, மூன்று தடவை பார்க்க வேண்டும். கோதுமை மணி ஒன்று கலந்திருந்தாலும் போச்சு. நானும் எதிரே உட்கார்ந்து பொறுக்கினேன். (மூணு தடவை! கல்யாண வீட்டுக்கு இருபது படி அரிசியைக் கண்ணை மூடிக்கொண்டு உலையில் போடுகிறவளை!)

"என் அண்ணன் எலியாஸ் வருதான், எர்ணாகுளத்துலருந்து" என்றார் அக்கா. "ஒம்பது வருஷமாச்சு மோளே, நானும் அவனும் ஒரே மேசையில சாப்பிட்டு."

எலியாஸ் இங்கேயே தங்கிவிட்ட அண்ணன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பஸ்காவுக்கு இஸ்ரேலில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அக்காவின் பேத்தி ஸ்கூல் பையைத் திறந்திருக்கிறாள். உள்ளேயிருந்து பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட் ஒன்று விழுந்திருக்கிறது. பிஸ்கட் என்றால் மாவு. பஸ்காவன்று வீட்டுக்குள் மாவு. அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்தவர், ஓட்டலுக்குப் போய் அடுத்த விமானத்தில் ஊர் திரும்பிவிட்டார். அதோடு பேச்சு வார்த்தை அறுந்தது.

"இப்ப எனக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆச்சு. அதுக்குப் பிறகுதான் போன் எடுத்தான். அவன் வீட்டுக்கு நான் போகமாட்டேன், என் வீட்டுக்கு அவன் வரமாட்டான். சின்னதுல அப்பா எங்களைக் குளிக்கக் கூட்டிட்டு வந்த ஊரு இது. இங்கன வருதேன்னான். ஆனா ஒரு தப்பு கண்ணுல பட்டாலும் எழுந்து போயிருவேன்னு சொல்லித்தான் வருதான்." அரிசியிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அவன் எழுந்து போகக் கூடாது. எனக்கு வேற ஒண்ணும் வேண்டா."

"அக்கா, உங்க அண்ணாச்சி எந்திரிச்சா அது கை கழுவத்தான் இருக்கும். இது பியூலா குடுக்குத வாக்கு" என்றேன்.

வாக்குக் கொடுத்துவிட்டேன் அல்லவா, அதன்பிறகு ரூல்ஸ் ஒவ்வொன்றாக வந்தது. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் கேட்டுக்குள் வரக்கூடாது, தண்ணீர் பட்டாலே புளித்த கணக்காம். சரி. அக்கா குடும்ப வழக்கப்படி பருப்பும் கிடையாது. என்ன, பருப்பு கிடையாதா? துவரை இல்லை, பாசி இல்லை, தாளிக்க உளுந்துகூட இல்லை. ஒரு தமிழச்சியிடம் பருப்பு இல்லாமல் சைவ விருந்து வை என்றால், நீச்சல்காரனைத் தண்ணீர் இல்லாமல் நீந்து என்று சொல்கிற மாதிரிதான். பாத்திரம் எல்லாம் புதுசு. தயிர், மோர் வேண்டாம், தேங்காய்ப்பால் போதும். அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அடுத்து வந்தது.

"அடுப்பை நான்தான் பத்த வைப்பேன். பாத்திரத்தையும் நான்தான் ஏத்துவேன். மத்ததெல்லாம் நீ."

"ஏன்க்கா, நான் பத்த வச்சா எரியாதா?"

"எரியும். யூதர் கை படாத சமையலை எலியாஸ் தொடமாட்டான்."

என் அடுப்பை இன்னொருத்தி பற்ற வைப்பதா? என் மாமியாரையே நான் விட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு "சரிக்கா" என்றேன். அன்று மத்தியானம் என் டிபன் பாக்ஸைத் திறந்தேன். உள்ளே சப்பாத்தி. அக்கா ஐயோ என்று அலறிய அலறலில் மதிலில் இருந்த குரங்குகள் இறங்கி ஓடின. டிபன் பாக்ஸோடு என்னைக் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார். ரோட்டோரம் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, போகிற வருகிற ஆட்டோக்காரர்கள் பார்க்க, ஜில்லாவிலேயே பெரிய சமையல்காரி காய்ந்த சப்பாத்தியைத் தின்றேன். (ஒரு சப்பாத்தியைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது தனிக் கதை.)

அந்தக் குரங்கால் எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. இது புரோட்டா தின்னும் சீமை. டூரிஸ்ட்காரர்கள் வீசுகிற புரோட்டாவை வாயில் கவ்விக்கொண்டு ஏதாவது ஒரு குரங்கு அடுப்படி ஜன்னல் வழியாக வந்துவிட்டால்? காட்டேஜ் அண்ணாச்சியை விரட்டி எல்லா ஜன்னலுக்கும் வலை அடிக்க வைத்தேன். எஸ்தர் அக்கா என் கன்னத்தைத் தட்டி, "உனக்கு நல்ல புத்தி மோளே" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. குரங்கு கொண்டுவரும் மைதாவைத் தடுத்த அந்தப் புத்திசாலியின் தோள்பையில் என்ன இருந்தது என்பதை இப்போதே சொன்னால் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிடும். கொஞ்சம் பொறுங்கள்.

பண்டிகைக்கு முந்தின நாள் விடியற்காலையில் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போனேன். காயில் புழு பூச்சி இருக்கக் கூடாது என்பது இன்னொரு ரூல். அதனால் டார்ச் லைட்டோடு போயிருந்தேன். ஒவ்வொரு கத்தரிக்காயாகக் காம்பைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆள் நின்று பார்த்துவிட்டு, "யக்கா, காய் வாங்க வந்தியளா, கண் டாக்டருக்குப் படிக்கியளா?" என்றான். மார்க்கெட்டே சிரித்தது. "நீ உன் மூட்டையைப் பாருலே" என்று கத்திவிட்டு அடுத்த கத்தரிக்காயைத் தூக்கினேன். காலிபிளவர் வேண்டாம், உள்ளே பார்க்க முடியாது. சேனை, வாழைக்காய், பூசணி, மாங்காய், முருங்கைக்காய், பீட்ரூட் எல்லாம் வாங்கினேன். எங்கள் வீட்டுக்கென்று நாலு கிலோ மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) வாங்கி, காட்டேஜ் பின்கட்டில் போட்டு வைத்தேன்.

பீட்ரூட் ஒன்று சாமித்தட்டு மாதிரி ஒரு தட்டில் வைப்பதற்காம். பஸ்காத் தட்டில் சுட்ட ஆட்டெலும்பு வைப்பது வழக்கம். எஸ்தர் அக்கா மாமிசத்தை விட்டு ரொம்ப வருஷமாகிவிட்டதால் எலும்புக்குப் பதில் சுட்ட பீட்ரூட். அதை மறுநாள் மத்தியானம் அவரே பின்கட்டில் தேங்காய்ச் சிரட்டையைப் பற்றவைத்து, அந்தக் கனலில் சுட்டார்.

பண்டிகை நாள் வந்தது. பொழுது சாய்ந்ததும் பண்டிகை ஆரம்பம், அதற்குள் சமையல் முடிய வேண்டும். தேங்காய்ப்பால் சொதி, எண்ணெய்க் கத்தரிக்காய், சேனை வறுவல், வாழைக்காய்ப் பொரியல், பூசணிக் கூட்டு, மாங்காய்ப் பச்சடி, மிளகு ரசம். ஏழு வகை. அக்கா பற்ற வைப்பார், ஏற்றுவார், நான் செய்வேன். நாலு மணிக்கு எல்லாம் தயார். அக்கா குளிக்கப் போனார்.

நான் சொதியை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஆனால் மொட்டையாக இருந்தது. பருப்பில்லாத சாப்பாட்டுக்கு ஒரு மூளித்தனம் உண்டு. இதைத் தின்றுவிட்டு எர்ணாகுளத்து அண்ணாச்சி தென்காசிச் சமையல் இவ்வளவுதானா என்று நினைத்துவிட்டால்?

என் தோள்பையில் எப்போதும் ஒரு சின்ன மஞ்சள் டப்பா இருக்கும். பெருங்காயம். அடுத்த வீட்டு அடுப்படியில் இருக்கிற பெருங்காயத்தை நான் நம்பமாட்டேன், வாசம் செத்திருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் கடைசியில் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு சிட்டிகை. அதுதான் என் கைப்பக்குவ ரகசியம், இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. ஏழு பாத்திரத்திலும் போட்டேன். சொதியில் யாராவது பெருங்காயம் போடுவார்களா என்று கேட்காதீர்கள். போட்டேன்! ரசத்தில் ரெண்டு சிட்டிகை. சொதியைக் கலக்கிய கரண்டியாலேயே சோற்றையும் கிளறிவிட்டேன். அடுப்படி கமகமத்தது.

அக்கா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். மூக்கை உறிஞ்சினார். "என்ன வாசம் மோளே! வேற ஏதாவது போட்டியா?"

"நீங்க பாத்ததுதான் அக்கா" என்றேன். கரண்டி கழுவப் போய்விட்டேன்.

நாலரை மணிக்கு எலியாஸ் அண்ணாச்சி வந்தார். ஒல்லி உயரம், தேய்த்த வெள்ளைச் சட்டை, தலையில் குட்டித் தொப்பி. தங்கையைப் பார்த்து "சுகந்தானே?" என்றார். அக்கா "ம்" என்றார். ஒன்பது வருஷத்துக்கு அவ்வளவுதான். பிறகு அண்ணாச்சி பாக்கெட்டிலிருந்து டார்ச்சை எடுத்தார். (டார்ச்! எனக்கு அவரைப் பிடித்துப்போனது.) ஃபிரிட்ஜுக்கு அடியில் அடித்தார். அலமாரி மூலையில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். ஜன்னல் வலையைப் பார்த்தார். எதற்கு என்று கேட்டார். "குரங்கு புரோட்டா கொண்டாந்துரும்லா" என்றேன். என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தார். எஸ்தர் அக்கா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

ஏழு பாத்திரத்தையும் மூடியோடு கொண்டுபோய் வெள்ளைத் துணி விரித்த மேசையில் வைத்தோம். புளிப்பில்லாத அப்பம் இஸ்ரேலிலிருந்து பெட்டியில் வந்திருந்தது, தரையில் பதிக்கிற டைல்ஸ் மாதிரி. தட்டில் பீட்ரூட்டும் அவித்த முட்டையும். நான் பின்கட்டுக்கு வந்து சேலையால் முகத்தைத் துடைத்தேன். அப்போதுதான் என் வீட்டுக்காரர் தங்கராஜ் வாழைப்பழத் தாரோடு வந்து சேர்ந்தார்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் வேலை. எதை எடுத்தாலும் திருப்பி முதுகைப் பார்த்துத்தான் வைப்பார். எக்ஸ்பைரி, பேட்ச் நம்பர், உள்ளே என்னென்ன, எல்லாம் படிப்பார். சோப்பு, ஊறுகாய், ஊதுபத்தி எதையும் விடமாட்டார். கல்யாணமான புதிதில் என் பவுடர் டப்பாவைப் படித்தார். இந்தப் பழக்கத்தை நான் திட்டாத நாள் கிடையாது.

வீட்டுச் சாவி வேண்டும் என்று என் தோள்பைக்குள் கையை விட்டார். சாவிக்கு முன்னால் மஞ்சள் டப்பா வந்தது. திருப்பினார்.

"ஏட்டி."

"என்ன?"

"இவியளுக்கு மைதா ஆகாதுன்னுல்லா சொன்ன?"

"அதுக்கென்ன இப்ப?"

"இதுல மைதா போட்டிருக்கு."

"எதுல?"

"பெருங்காயத்துலட்டி. காம்பவுண்டு பெருங்காயம். கோந்து, மைதா, பெருங்காயம். பொடி எழுத்துல போட்டிருக்கான் பாரு."

பிடுங்கிப் பார்த்தேன். எறும்புக்குக் கண்ணாடி போட்டால்தான் தெரியும், அவ்வளவு பொடி எழுத்து. மைதா. எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல! பெருங்காயம் என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு உள்ளே மைதாவை வைத்து விற்கிறவன் மேல் கோபம். இத்தனை வருஷமாகத் திருப்பிப் பார்க்காத என் மேல் கோபம். எல்லாவற்றையும் விட, இந்த மனுஷன் லேபிள் படித்தது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை உபயோகமாகி, அதுவும் இன்றைக்குத்தானா என்று அவர் மேல் கோபம்.

"உங்களை யாரு இதைத் திருப்பச் சொன்னா?" என்று பல்லைக் கடித்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏட்டி, சொல்லாத. ஒம்பது வருஷம் கழிச்சு உக்காருதாங்க. ஒரு சிட்டிகை. யாருக்குத் தெரியப் போவுது? சாப்பிட்டுச் சந்தோசமாப் போவட்டும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சொன்னால் அண்ணாச்சி எழுந்து போவார், அக்காவின் பஸ்கா நாசமாகும். சொல்லாவிட்டால் ரெண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். பெரிய உத்தமி மாதிரி உடனே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். சொல்லவில்லை. டப்பாவை முந்தியில் முடிந்துகொண்டு, முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

எலியாஸ் அண்ணாச்சி ரசப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து நின்றுகொண்டிருந்தார். கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் எஸ்தர் அக்கா அசையாமல் நின்றார்.

"எஸ்தரே, நம்ம அம்மா வைக்கிற ரசம்" என்றார் அண்ணாச்சி. பிறகு என்னைப் பார்த்தார். "அலமாரியையும் ஜன்னலையும் பார்த்தேன். இவ்வளவு சுத்தமா என் வீட்லகூடச் செய்யமாட்டாங்க. நீ சத்தியமான பொண்ணு. இதுல என்ன போட்ட?"

வேறு எதைக் கேட்டிருந்தாலும் சமாளித்திருப்பேன். சத்தியமான பொண்ணு என்று சொல்லிவிட்டா இந்தக் கேள்வியைக் கேட்பது? மூன்று நாள் பொறுத்த எல்லாம், அடுப்பு, சப்பாத்தி, டார்ச், குரங்கு, பொடி எழுத்து, எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு ஏறியது.

"மைதா!" என்று கத்தினேன். "மைதா போட்டேன் அண்ணாச்சி! எல்லாத்துலயும் போட்டுத் தொலைச்சேன்! தொடாதிய!"

முந்தியை அவிழ்த்து டப்பாவை மேசையில் வைத்தேன். எஸ்தர் அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டார். டப்பாவைத் தூக்கினார். திருப்பிப் படித்தார். எல்லாரும் வாசலையே பார்த்தோம். அவர் வாசலைப் பார்க்கவில்லை. டப்பாவை மறுபடியும் முன்பக்கம் திருப்பி, அதில் இருந்த படத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். மூட்டு ஆபரேஷன் ஆகி மகள் வீட்டில் இருக்கிற அவர் சம்சாரத்துக்குப் போன். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவாராம். மலையாளத்தில் கேட்டார். செங்கோட்டைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்கு அது புரியாதா என்ன?

"சாரா, பஸ்காவுக்கு ரசத்துல என்ன பெருங்காயம் போடுவே?"

"வேற என்ன, அந்த மஞ்ச டப்பாதான்" என்றது போன். "கல்யாணம் ஆன வருஷத்துலருந்து அதுதானே. ஏன், அங்க கிடைக்கலையா?"

அண்ணாச்சி போனை வைத்தார். பின்கட்டு வாசலில் நின்ற தங்கராஜ் மெதுவாக இருமினார். நான் திரும்பி முறைத்தேன்.

எலியாஸ் அண்ணாச்சி எழுந்து போகவில்லை. எங்கே போவார்? இதற்காக எழுந்து போவதென்றால் அவர் முதலில் அவர் வீட்டை விட்டுத்தான் போயிருக்க வேண்டும், அதுவும் கல்யாணமான வருஷமே. தங்கைக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மேசைத் துணியின் மடிப்பை நீவினார்.

"அந்தப் பிள்ளை" என்றார். "பிஸ்கட் பை. இப்ப என்ன படிக்கு?"

"ஸ்கூல் முடிக்கப் போறா" என்றார் அக்கா.

"ம்."

எஸ்தர் அக்கா முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியது. பார்த்தால் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முப்பத்தஞ்சு வருஷமா எலியாஸே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "மதி, மதி" என்றார் அண்ணாச்சி கடுப்பாக, போதும் என்று மலையாளத்தில். ஆனால் உட்கார்ந்தே இருந்தார்.

பொழுது சாய இன்னும் முக்கால் மணி நேரம். ஏழு வகையும் போச்சு, சோறும் போச்சு, புதுப் பாத்திரம் எல்லாம் போச்சு. பின்கட்டில் அக்கா பீட்ரூட் சுட்ட சிரட்டைக் கனல் மட்டும் இன்னும் இருந்தது. பக்கத்திலேயே எங்கள் வீட்டு மரச்சீனிக் கிழங்கு. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா கனலை ஊதி, கிழங்கைத் தோலோடு அடுக்கினார். அண்ணாச்சி வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்து புரட்டினார். நான் தேங்காய் கீறினேன். அதற்கு மட்டும்தான் என்னை அனுமதித்தார்கள், அதுவும் தங்கராஜ் தேங்காயை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்த பிறகு.

நான் கிளம்பும்போது கேட்டிலிருந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். மேசையில் டைல்ஸ் அப்பம், சுட்ட கிழங்கு, தேங்காய்ச் சில்லு, கல் உப்பு, வாழைப்பழம். அண்ணாச்சி ஒரு கிழங்கின் கரித்தோலை உரித்து, ஊதி, தங்கையின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். ஜில்லாவிலேயே பெரிய சமையல்காரியின் ஏழு வகையும் ஆட்டோவில் என் மடியில் இருந்தது. அதை ரெண்டு நாள் தின்ற மனுஷன், "சொதி பிரமாதம்ட்டி, பெருங்காயம்தான் தூக்குது" என்றார். அன்றைக்கு அவர் தலையில் கொட்டாமல் விட்டது என் பொறுமை.

அதன்பிறகு எங்கள் வீட்டில் எனக்கு மரியாதை என்று ஒன்று கிடையாது. போன தை மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டம்மா ரசத்தை உறிஞ்சிவிட்டு, "என்னமா இருக்கு! இதுல என்ன போட்டிய மைனி?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், புருஷன், மகள், கொழுந்தன், கொழுந்தன் பெண்டாட்டி அத்தனை பேரும் ஒரே குரலில், "மைதா!" என்றார்கள். சம்பந்தியம்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அதற்கு விளக்கம் சொல்லவே எனக்கு அரை மணி நேரம் ஆனது.

சரி, நம் வீட்டோடு போகிறது என்று பார்த்தால், இந்த வருஷம் பஸ்கா முடிந்து எஸ்தர் அக்கா போன் செய்தார். எலியாஸ் அண்ணாச்சி இஸ்ரேலுக்கே போய் அக்கா வீட்டில்தான் பண்டிகை கொண்டாடினாராம். எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தபோது, ஒரு பேரப்பிள்ளையின் சட்டைப் பையிலிருந்து பிஸ்கட் துணுக்கு ஒன்று தரையில் விழுந்ததாம். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்ததாம். அண்ணாச்சி எழுந்தாராம். ஒரு கிண்ணத்தை எடுத்து வந்து துணுக்கின்மேல் கவிழ்த்து மூடிவிட்டு, திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாராம். (பண்டிகையன்று கண்ணில் பட்ட மாவைக் கையால் தொடக்கூடாது, மூடித்தான் வைக்க வேண்டும் என்பது ரூலாம்.)

உட்கார்ந்து, "பியூலா" என்றாராம்.

இப்போது அந்த வீட்டில் மாவுத் துணுக்கு எங்கே கிடந்தாலும் அதற்குப் பெயர் பியூலாதானாம். 'சோபாவுக்கு அடியில் ஒரு பியூலா கிடக்கு, எடு' என்கிறார்களாம். இருபத்தைந்து வருஷம் அடுப்படியில் வெந்து நான் சம்பாதித்த பெயர் கடல் தாண்டிப் போய் இப்படியா நிற்க வேண்டும்? கோபம் வராமல் என்ன செய்யும், நீங்களே சொல்லுங்கள்.